புடிச்சிட்டேன், விடு

எங்கள் ஊரில் துப்பாக்கியைக் கைமாற்ற ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் போல்ட் என்கிற இரும்புத் தாழ்ப்பாளைக் குமிழைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று தானும் பார்த்து, எதிரில் நிற்பவருக்கும் காட்ட வேண்டும். பிறகு குழலை வானத்துப் பக்கம் வைத்து நீட்ட வேண்டும். வாங்குகிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "புடிச்சிட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழும்வரை கொடுக்கிறவர் விடக் கூடாது. பாதிரியாராக இருந்தாலும் சரி, பட்டாளத்துக்காரனாக இருந்தாலும் சரி, இதில் சலுகை கிடையாது.

ஆர்வில் இந்த விஷயத்தில் உடும்பு. அம்மா அவரை வீட்டுக்கு அழைத்து வந்த புதிதில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு நாள் மலையடிவாரத்தில் வைத்து என்னிடம் தன் ரைஃபிளை நீட்டினார். நான் பிடித்தேன், வாயைத் திறக்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஆளிடம் எனக்கு என்ன பேச்சு என்கிற வீம்பு. அவரும் விடவில்லை. பனி கொட்டுகிறது, ஒரே துப்பாக்கியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி நிற்கிறோம். கடைசியில் என் மூக்கு ஒழுக ஆரம்பித்து, துடைக்கக் கை வேண்டியிருந்ததால் சொல்லித் தொலைத்தேன். "அவ்வளவுதான் புள்ள, அதுக்குத்தான் நின்னேன்" என்று விட்டுவிட்டு நடந்தார்.

அவரை நான் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. "யோவ் பெருசு" என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பெற்றவர் மரம் வெட்டும் கம்பெனியில் கட்டை சரிந்து செத்துப்போனவர். அந்த வகையில் அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. மறுபடி கல்யாணம் செய்தால் அது நின்றுபோகும். ஆகவே அம்மாவும் ஆர்விலும் கல்யாணம் செய்யாமலே குடும்பம் நடத்தினார்கள். ஊரில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. பாதிக் குடும்பங்களின் கதை அதுதான். அம்மா போன பிறகும் அவர் அதே வீட்டில், அதே அடுப்பில், எனக்கு வாரக் கடைசியில் மான்கறிக் குழம்பு வைத்துக்கொண்டு இருந்தார். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மலைப் பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

போன கோடையில் அவருடைய நுரையீரலை டாக்டர்கள் கைவிட்டார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். மனுஷனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது: எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்குள் அந்த ரைஃபிளைத் தன் கையால் என் கையில் கொடுக்க வேண்டும்.

"இந்தா மேசை மேலதான இருக்கு. குடு, வாங்கிக்கறேன்" என்றேன்.

"அப்படி முடியாது புள்ள. அப்பன் மகளுக்குக் குடுத்தா உப்பு ஜாடி குடுக்கற மாதிரி, ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் உனக்கு யாரு?"

"யாரா? கேக்கற கேள்வியைப் பாரு."

"சட்டப்படி நான் உனக்கு யாருமில்ல. யாரோ ஒருத்தன் யாரோ ஒருத்திக்குத் துப்பாக்கி குடுத்தா துப்பாக்கிக் கடை வழியா போகணும், உன் பின்னணியை விசாரிக்கணும். நாளைக்கு எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டா உன் பஸ் வேலை போயிடும். முறையா செய்யலாம்."

யாருமில்ல என்பதை அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். "சரி, கிளம்பு. கிழவனுக்கு வீம்பு வந்தா யாரு தடுக்கறது" என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டேன்.

மார்வாவின் துப்பாக்கிக் கடை அன்று மாட்டுச் சந்தை மாதிரி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், மழை பெய்கிற நகரங்களில் இருக்கிறவர்கள் ஓட்டுப் போட்டுப் புதுத் துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அது நடைமுறைக்கு வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று, வாழ்நாளில் முயலைக்கூடச் சுடாதவன் எல்லாம் வரிசையில் நின்றான். மார்வா எங்களைப் பார்த்ததும் முன்னே கூப்பிட்டாள். ரைஃபிளை வாங்கி, கடைக் கணக்கில் ஏற்றி, பின்னால் இரும்புக் கூண்டில் வைத்துப் பூட்டினாள். அப்புறம்தான் என் விவரங்களை விசாரணைக்காக மாநிலத் தலைநகரத்துக்கு அனுப்பினாள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் அதுதான்: முதலில் பூட்டு, பிறகு கேள். ஏனென்றால் பதில் எப்போதும் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடும். அங்கிருந்து வருவது மூன்றே வார்த்தைகள்தான்: கொடுக்கலாம், கூடாது, காத்திரு. எனக்கு வந்தது மூன்றாவது.

"அடுத்த மாநிலத்துல உன் பேர்லயே ஒருத்தி இருக்காளாம்டி. ஷானா மேத்திஸ். ஏதோ கேஸ். அது நீயில்லன்னு அவங்க தெளியணும்" என்றாள் மார்வா. "வரிசை வேற எக்கச்சக்கம். ஆளுங்களே இல்ல போல."

பெற்றவர் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்தக் குடும்பப் பெயர். அதுவும் நேரம் பார்த்துக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

"சரி மார்வா, பதில் வர்றப்ப வரட்டும். துப்பாக்கியை இப்போதைக்குக் குடு, வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்றார் ஆர்வில்.

மார்வா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கணக்குல ஏத்திட்டேனே ஆர்வில். இனி உங்களுக்கே திருப்பிக் குடுக்கணும்னாலும் உங்களையும் விசாரிக்கணும். இப்ப அது உங்களுதும் இல்ல, அவளுதும் இல்ல."

தன் சொந்தத் துப்பாக்கிக்கு அவரும் வரிசையில் நின்றார். அவருக்கும் காத்திரு.

பழைய சட்டத்தில் ஒரு வழி இருந்தது: மூன்று வேலைநாள் பதில் வராவிட்டால், கடைக்காரர் தன் பொறுப்பில் கொடுக்கலாம். புதுச் சட்டம் அந்த வழியை அடைத்தது. ஒரு நீதிபதி புதுச் சட்டத்தை நிறுத்தினார். இன்னொருவர் அமல்படுத்தச் சொன்னார். "இன்னைக்கு எந்தச் சட்டம்னு ரேடியோவைக் கேட்டுட்டுதான்டி கடையே தொறக்கறேன்" என்றாள் மார்வா. எங்களுக்கு மூன்றாம் நாள் வந்தபோது ரேடியோ புதுச் சட்டம் என்றது.

நான் போய்ச் சண்டை போட்டேன். அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். "செத்துக்கிட்டு இருக்கற மனுஷன் மார்வா! உன் நெஞ்சுல ஈரமே இல்லயா? அவருதான தன் கையால உன் புருஷனைப் பனிச்சரிவுல இருந்து இழுத்துக்கிட்டு வந்தாரு?"

அவள் திருப்பிக் கத்தவில்லை. "ஒரு தடவை மூணு நாள் ஆச்சுன்னு குடுத்துட்டேன் ஷானா. நல்ல பையன்னுதான் நெனச்சேன். அவன் பொண்டாட்டி இப்ப சர்ச்சுக்குப் பின்னால கல்லறையில படுத்திருக்கா. அந்தப் பதில் நாலாம் நாள் வந்துச்சு, கூடாதுன்னு. என்னால முடியாதுடி, என்னை விட்டுடு."

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. வைவதற்குக்கூட ஆள் இல்லாத கோபம் மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னால் ஓடி வந்தாள். "அவரைக் கூட்டிட்டு வா. கவுன்டர் முன்னாடி வச்சு அவர் கையில குடுக்கறேன், அவர் உன் கையில குடுக்கட்டும். அப்புறம் நான் வாங்கி உள்ள வச்சுக்கறேன். அது தப்பில்ல."

ஆர்விலிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்து இருமினார். "குடுத்துட்டுத் திரும்ப வாங்கினா அது குடுத்ததா? நாடகம் போடற வயசா எனக்கு? நெசமா வரட்டும், இருக்கேன்."

இருக்கேன் என்றார். ஆனால் இலை உதிர உதிர அவரும் உதிர்ந்துகொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனார். தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வருவேன், கண்ணாலேயே கேட்பார். "இன்னும் வரலை பெருசு" என்பேன். "தலைநகரத்துல எல்லாரும் ஆமை வளக்கறாங்க போல" என்பார். சில நாள் அதைச் சொல்லவும் மூச்சு இருக்காது, விரலை மட்டும் ஆமை மாதிரி போர்வை மேல் நகர்த்திக் காட்டுவார்.

பதில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு இப்போது ஒரு மதிப்பும் இல்லை. வேட்டைக் காலம் முடிந்து, முழங்கால் பனி விழுந்த பிறகு வந்தது: கொடுக்கலாம். மார்வா கூண்டைத் திறந்து ரைஃபிளை எடுத்து வந்தாள். போல்ட்டை இழுத்து, தானும் பார்த்து, எனக்கும் காட்டி, நீட்டினாள். நான் பிடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கடையில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மார்வா என் முகத்தைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு அந்தச் சொல்லைக் கேட்காமலே விட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி விட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நான் ஏன் சொல்லவில்லை என்றால், அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்.

வேட்டைக் காலம் தொடங்கிய நாள் அது. ஊரே மலைக்குப் போயிருந்தது. தெருவில் ஒரு வண்டி இல்லை. தூரத்தில் எங்கோ முதல் வெடிச்சத்தம் கேட்டதும், காலையிலிருந்து கண் திறக்காத மனுஷன் கண்ணைத் திறந்தார். ஊசி போட வந்திருந்த நர்ஸ் புதுப்பெண், பக்கத்து ஊர்க்காரி.

"உங்க அப்பாவா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். யாரையும் கூப்பிட்டுச் சரிபார்க்கவில்லை.

அவள் அடுக்களைக்குக் கை கழுவப் போனபோது, ஆர்வில் போர்வையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. இடது கை எதையோ ஏந்தியது. வலது கை ஒரு குமிழைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தது. குனிய முடியாத கழுத்தைக் குனித்து உள்ளே பார்த்தார். தோட்டா இல்லை. என் பக்கம் சாய்த்து எனக்கும் காட்டினார். நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? இல்லாத அந்தத் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை.

பிறகு குழலை உத்தரத்துப் பக்கம் நிமிர்த்தி என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டினேன். அவர் கைகளுக்கு நடுவில் என் கைகளை வைத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். எனக்குத் தெரியும், சொன்னால் விட்டுவிடுவார். சொல்லாதவரை விடமாட்டார், அந்த ஆள் உடும்பு. ஆகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். குழந்தையாக இருந்தபோது வீம்பு, இப்போது பயம். அந்தச் சின்ன அறையில் நாங்கள் இரண்டு பேரும் மறுபடி அதே மாதிரி நின்றுகொண்டிருந்தோம், அவர் படுத்தபடி, நான் குனிந்தபடி. அவருடைய முழங்கை நடுங்கியது. பிறகு தோள் நடுங்கியது. மூச்சு விசில் அடித்தது. ஆனாலும் கையைத் தாழ்த்தவில்லை, என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"சொல்லு புள்ள" என்றார். "கனக்குது."

என் மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

"புடிச்சிட்டேன் பெருசு" என்றேன். "நல்லா புடிச்சிட்டேன். விடு."

விட்டார்.