அவள் எழுதி முடிக்கட்டும்

பெயிண்டர் நடைபாதையில் உட்கார்ந்தபோது அவருடைய மகள் தேர்வு மையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைச் சரிசெய்யக் குனிகிறார் என்றுதான் அவளுடைய டியூஷன் மாஸ்டர் முதலில் நினைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு வேனின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மகளின் பரீட்சைக்கென்று இஸ்திரி போட்டு அணிந்து வந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. வெயில் இன்னும் ஏறாத காலை நேரம் அது.

"வாயு சார். காலைல ஒண்ணும் சாப்பிடல. சரியாயிடும்."

"முகமே சரியில்லையேங்க. பொண்ணக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேணாம். அவ எழுதி முடிக்கட்டும். சொல்லிடாதீங்க."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே போவதற்கு முன்னால் அப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொள்ள அவள் திரும்பினாள். வேன் மறைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை விரித்து, 'அப்பா எங்கே?' என்று கேட்டாள். மாஸ்டர் கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார்: டீ குடிக்கப் போயிருக்கிறார். அவள் சிரித்தாள். பரீட்சையன்றைக்குக்கூட டீயை விடமாட்டாரா என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். பிறகு பையில்லாத வெறுங்கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய பை அப்பாவின் மடியில் இருந்தது.

மருத்துவப் படிப்புக்காகக் கணினியில் நடக்கும் அந்தத் திறனறித் தேர்வை ஒருவர் இரண்டு தடவைதான் எழுதலாம். அவளுக்கு இது இரண்டாவது. பாடத்தில் புலி, அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தேர்வு பாடத்தைக் கேட்பதில்லை. வேகமாகப் படிக்க வருமா, கணக்கு ஓடுமா, கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கு கண்ணில் படுமா என்று கேட்கும். கடைசிப் பகுதியில், மருத்துவமனையில் நடக்கிற மாதிரி ஒரு நிலைமையைச் சொல்லி, இப்படிச் செய்வது தகுமா தகாதா என்று கேட்கும். முதல் தடவை அவள் கவிழ்ந்தது அதில்தான். விடை தெரியாமல் அல்ல. ஒவ்வொரு கேள்வியிலும் வருகிற நோயாளியோடு உட்கார்ந்துவிடுவாள்.

"இந்தக் கிழவருக்குக் கூட யாருமே வரலையா சார்?"

"அது கேள்வியில இல்லம்மா."

"இல்ல, அவருக்குப் பசங்க இருந்தா பதில் மாறுமே."

"கேள்வியில இல்லாதத யோசிச்சா டாக்டர் ஆக முடியாது. அந்த ஆள விடு, கேள்வியப் பாரு, அடுத்ததுக்குப் போ!"

ஒரு வருஷம் இதையே சொல்லிச் சொல்லி அவளைத் தீட்டினார் மாஸ்டர். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அவருடைய பயிற்சி நிலையத்தில் மூன்று அறைகள். இரண்டில் இப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் ஏ.சி. போட்ட பெரிய நிலையம் வந்தபிறகு பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். வாசலில் தொங்கும் பேனரில் கடைசியாகத் தேறிய பையனின் முகம் வெயிலில் வெளுத்து, மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. இந்த வருஷம் அந்த இடத்துக்கு இவள்தான் என்று மாஸ்டர் மனசுக்குள் படமே மாட்டி முடித்திருந்தார். அது தப்பு என்று சொல்ல முடியாது. அவரும் வயிற்றைக் கழுவ வேண்டும். ஆனால் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தது எவ்வளவு, பேனரை நினைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அதுவரை அவசியம் வரவில்லை.

மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்பக்கம், நாலு கட்டடம் தள்ளி. வேன் டிரைவரும் மாஸ்டரும் பெயிண்டரை இரண்டு பக்கமும் தாங்கிக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டார்கள். அவசரப் பிரிவில் நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை மாட்டினாள். எண் வரவில்லை. வேறு விரலில் மாட்டினாள். அப்போதும் வரவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, நகமெல்லாம் பெயிண்ட்டு?"

"நேத்து ஒரு கதவுக்கு அடிச்சது சிஸ்டர். நல்ல கம்பெனி. லேசுல போகாது."

இந்த நிலைமையிலும் மனுஷன் நையாண்டி பண்ணினார். நர்ஸ் பஞ்சில் ஏதோ திரவத்தை நனைத்து நகத்தைத் தேய்த்தாள். பிறகு ஊசி முனையால் சுரண்டினாள். பச்சை நிறம் பொடிப்பொடியாகப் படுக்கை விரிப்பில் உதிர்ந்தது. ஒரு நகம் மட்டும் வெறுமையாகி, கருவி அதில் உட்கார்ந்ததும், திரையில் வந்த எண்ணைப் பார்த்து அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கூப்பிட்டாள்.

டாக்டர் சின்னப் பையன். இந்த மாதிரி ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்து கேள்விக்கு விடை அழுத்தித்தான் அவனும் வந்திருக்க வேண்டும். மாஸ்டரைத் திரைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"நீங்க சொந்தமா?"

"இல்ல. அவர் பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தர்றேன்."

"பெரிய அட்டாக்குங்க. இங்க பண்ண முடிஞ்சத பண்றோம். வேற இடத்துக்கு மாத்துற நிலைமையில இல்ல. வீட்டு ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லிடுங்க."

'எல்லாரையும்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டருக்குத் தெரியும். பெயிண்டரின் போனிலிருந்து அவர் மனைவியைக் கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் ஒரு சலவை நிலையத்தில் வேலை அவளுக்கு. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். "புள்ள எழுதிட்டாளா?" என்று கேட்டாள் முதலில். விஷயத்தைச் சொன்னதும், பின்னால் இயந்திரங்கள் சுற்றுவது மட்டும் கேட்டது.

திரும்பி உள்ளே வந்தபோது பெயிண்டர் கண்ணைத் திறந்திருந்தார். முகத்தில் இருந்த நையாண்டி போய்விட்டது.

"உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா. இந்நேரம் பாதி முடிச்சிருப்பா."

"நல்லது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சார், அவளக் கூப்பிடுங்க."

"முடியட்டுங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"இல்ல சார். கூப்பிடுங்க."

"வெளிய வந்தா மறுபடி உள்ள விடமாட்டாங்க. அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லங்க அவளுக்கு. நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க?"

சுரண்டிய நகமிருந்த கையால் பெயிண்டர் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. விடவும் இல்லை.

மாஸ்டர் போனார். அதை யாரும் மறுக்க முடியாது. அவர் போனது நிஜம். சாலையைக் கடந்து, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளி, வரவேற்பு மேஜைக்கு முன்னால் போய் நின்றார். ஏ.சி. காற்று முகத்தில் அடித்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் சாத்திய கதவு, அதற்கு அப்பால் கணினி மவுஸ்களைக் கிளிக் செய்கிற சத்தம், மழை தூறுகிற மாதிரி விடாமல்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?"

இந்த மாதிரிக் கேள்விகளைத் தயாரிப்பதே அவர் தொழில். 'சாகும் நிலையில் இருக்கும் ஒருவர் தன் மகளைப் பார்க்கக் கேட்கிறார். மகளின் நன்மைக்காக அதை அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போடுவது...' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்வார். முற்றிலும் தகாது. யோசிக்கக்கூட வேண்டாம், அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். கேள்வியில் இல்லாததெல்லாம் இப்போது அவர் முன்னால் வந்து நின்றது. அவள் வெளியே வந்தபிறகு பெயிண்டர் பிழைத்துக்கொண்டால்? ஒரு வாயுப்பிடிப்பு மாதிரி எழுந்து உட்கார்ந்துவிட்டால்? என் வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கிவிட்டீர்களே என்று அவள் கேட்கமாட்டாளா? இத்தனைக்கும் அடியில் வெள்ளையாக, புத்தம்புதிதாக ஒரு பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்து வெட்கப்பட்டார். வெட்கப்பட்டும் அது போகவில்லை.

"பரீட்சை எப்ப முடியும்மா?" என்று கேட்டார்.

"இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் சார்."

"சரிம்மா."

மருத்துவமனைக்குத் திரும்பினார். பெயிண்டரின் கண் திரையைத் தாண்டி மாஸ்டருக்குப் பின்னால் தேடியது. யாரும் இல்லாததைக் கண்டு மாஸ்டரின் முகத்துக்கு வந்தது.

"சொல்லிட்டேங்க," என்றார் மாஸ்டர். "வந்துட்டே இருக்கா."

எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டுமே என்று வாய் முந்திக்கொண்டது. பெயிண்டர் தலையை அசைத்தார். பிறகு முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் கண்ணைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸ் வந்தாள். வார்டு பாய் வந்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் ஒரு பிளாஸ்கோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் பெயிண்டரின் கை படுக்கையை விட்டு எழும்பி, அவள் வேறு பக்கம் திரும்பியதும் கீழே இறங்கியது. மாஸ்டர் ஓட வேண்டும் என்று நினைத்தார். இப்போது ஓடினாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் ஓடினால் இத்தனை நேரம் அவளைக் கூப்பிடவில்லை என்று பெயிண்டருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு அற்ப வெட்கத்தில் நின்றுவிட்டார். டாக்டர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கியபோது மாஸ்டரைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள்.

மனைவி வந்து சேர்ந்தபோது பெயிண்டரின் முகத்தை மூடியிருந்தார்கள். வேலை உடுப்போடேயே வந்திருந்தாள், சட்டைப் பையில் துணி அடையாளச் சீட்டுகள். முதலில் அழவில்லை. மூடியிருந்த துணியைச் சற்று விலக்கிப் பார்த்து, சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவரேதான் சொல்ல வேணாம்னாரு. அவ எழுதி முடிக்கட்டும்னாரு."

பொய் இல்லை. அவர் சொன்னதுதான். எப்போது சொன்னார் என்பதை மட்டும் மாஸ்டர் விட்டுவிட்டார். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உடைந்தாள். "பாத்தீங்களா, உசுரு போற நேரத்துலயும் புள்ளயத்தான் நெனச்சிருக்காரு," என்று நர்ஸிடம் சொன்னாள், பிளாஸ்க் கொண்டுவந்த பெண்ணிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் உறுதியானது. பிறகு மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க கூட இருந்தீங்களே சார், அது போதும். அவளக் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னாத்தான் தாங்குவா." மாஸ்டருக்குக் கூசியது. கையை உருவிக்கொள்ளக்கூடத் தைரியம் இல்லை.

தேர்வு முடிந்து கதவு திறந்தபோது அவர் வெளியே நின்றிருந்தார். பிள்ளைகள் பெற்றோரைத் தேடி ஓடினார்கள். அவள் கடைசியில் வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் முழுக்க வெளிச்சம். ஒரு வருஷமாக அவளிடம் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை.

"ஒண்ணு விடாம முடிச்சிட்டேன் சார்! கடைசிப் பகுதியில எங்கயுமே நிக்கல. நீங்க சொன்ன மாதிரியே போயிட்டே இருந்தேன்." சுற்றுமுற்றும் பார்த்தாள். "அப்பா எங்க? இன்னுமா டீக்கடையில?"

"அப்பாவுக்கு... கொஞ்சம் முடியலம்மா. ஆஸ்பத்திரியில இருக்காரு."

"என்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

மாஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம், நாலு கட்டடம் தள்ளி, அதன் பெயர்ப்பலகை இங்கிருந்தே தெரிந்தது. அவள் பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். ஒரு ஆட்டோ பிரேக் போட்டுத் திட்டியது. காதில் வாங்காமல் சாலையைத் தாண்டி, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். மூச்சு இரைப்பதற்குள் மருத்துவமனை வாசலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் தூரம். உள்ளே எந்தப் பக்கம் என்று கேட்க அங்கே நின்று திரும்பினாள்.

மாஸ்டர் அப்போதுதான் நடைபாதையை விட்டு இறங்கியிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு பஸ் போகட்டும் என்று நின்று, மெதுவாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றபடி, அவர் ஓடாமல் நடந்து வருவதைப் பார்த்தாள். சீக்கிரம் வாங்க என்று கூப்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது. அவளுடைய கண்கள் அவரை விட்டு மெல்லப் பின்னால் போய், இப்போதுதான் அவள் வெளியே வந்த கண்ணாடிக் கதவில் நின்றன. பிறகு மறுபடி அவரிடம் வந்தன.