வெறும் தட்டின் எடை

தாய்சேய் மருத்துவமனையின் முன்னறையில் இருந்த எடை இயந்திரம், தட்டில் ஒன்றுமே இல்லாதபோதும் நானூறு கிராம் காட்டியது. அந்த நானூறு கிராம் உண்மையிலேயே அங்கே இருந்தது. இதை முதலில் கவனித்த செவிலியர், முள் எங்கோ சிக்கியிருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியை விரலால் சுண்டினார். தட்டைத் துணியால் துடைத்தார். வரிசையில் பிள்ளைகள் அழத் தொடங்கியதும் வழக்கம்போல நிறுக்க ஆரம்பித்துவிட்டார். அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை கூடி வந்தது. இயந்திரத்தின் கோளாறு மட்டும் என்றால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் போகிற வழியில் ஒரு தகப்பன் சந்தேகப்பட்டுக் காய்கறிக் கடைத் தராசில் மகனைப் போட்டுப் பார்த்தபோது அங்கும் அதே எடை வந்தது. கூடிய எடை பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை போனது. தொட்டில்கள் முனகின. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் முன்பைவிட அடிக்கடி பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டு மழை சுமாராகப் பெய்தது. வெங்காய விலை ஏறி இறங்கியது. இவற்றைத் தவிர ஊரில் பேசுவதற்கு வேறு விஷயம் இல்லை.

இதற்கு விளக்கம் சொன்னவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். எந்தப் பேச்சையும் ‘நிரூபணமானது’ என்று முடிப்பதால் மாணவர்கள் அவருக்கு நிரூபணம் என்று பெயர் வைத்திருந்தார்கள்; ஊரும் அப்படியே அழைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் தட்டில் தங்கியிருக்கிறது, அது தொட்டவரிடம் தொற்றுகிறது, இரண்டு தராசுகள் சாட்சி, ஆகவே இது அறிவியல் என்றார். முன்னறையில் மாலைதோறும் கூட்டம் கூடியது. பிறகு அதற்குச் சபை என்று பெயர் வந்தது. தட்டில் தூசி படக் கூடாது என்பதற்காகச் செருப்பை வெளியே விடச் சொன்னார். மூச்சுக் காற்று பட்டால் முள் ஆடும் என்பதால் வாயைக் கையால் மூடச் சொன்னார். இரண்டும் நியாயமான ஆய்வுக்கூட விதிகள். ஓராண்டுக்குள் மருத்துவமனை இருக்கும் தெருவில் நடக்கும்போதே ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தட்டில் ஏற முடியாத பெரியவர்கள் உள்ளங்கையை அதில் வைத்து எடுத்து, தங்கள் பங்கு நானூறு கிராமோடு திரும்பினார்கள். நிரூபணம் “நிரூபணமானது” என்பார். கூட்டம் “ஆனது” என்னும். இந்த ஏற்பாட்டில் அவர் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. அவரைச் சந்தேகப்பட்ட சிலருக்கு அதுதான் மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. அந்தச் சிலரை ஊர் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று அழைத்தது.

அவர்களில் முக்கியமானவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளுக்கு முத்திரை போடுவதால் எல்லோருக்கும் அவர் முத்திரையம்மா. வெல்வெட் விரித்த பெட்டியில் பித்தளை எடைக்கற்கள் வைத்திருந்தார். விரலின் வியர்வை எடையைக் கூட்டும் என்று அவற்றை இடுக்கியால் மட்டுமே எடுப்பார். இறைச்சிக் கடைத் தராசின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தையும், துணிக்கடைக்காரர் நுனி தேய்த்த அளவுகோலையும் கண்டுபிடித்தவர். வீட்டில் கணவர் நேரமாகிவிட்டது என்றால்கூடத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மருத்துவமனை இயந்திரத்தில் வியாபாரம் நடக்காததால் அது அவர் பொறுப்பில் வரவில்லை. அதனால் நெடுநாள் தள்ளி நின்று சந்தேகப்படுவதோடு நிறுத்திக்கொண்டார். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு அப்படி நிற்க முடியவில்லை.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. குடித்த பாலை உடனே பீய்ச்சிக் கக்கியது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. ஆனால் இயந்திரம் மூன்று கிலோ இருநூறு காட்டியது.

“பாருக்கா, எடை அட்டையில போட்டிருக்கற கோட்டுக்கு மேலதான் இருக்கா” என்றாள் தங்கை.

“அழுதா சத்தமே வரலையேடி.”

“சாது. பெரியம்மா மாதிரி இல்ல.”

“டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம், கிளம்பு.”

“எடை சரியா இருக்கற பிள்ளைய தூக்கிட்டுப் போய் என்னன்னு சொல்றது?”

“சந்தேகமா இருக்குன்னு சொல்லு.”

“யார்மேல?” என்றாள் தங்கை.

சபையில் நாற்காலி போடுகிறவரான தங்கையின் கணவர் இதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அக்கா, படிச்சவங்க நீங்க. உங்களுக்கே அறிவியல்மேல நம்பிக்கை இல்லன்னா எப்படி?” என்று வருத்தத்துடன் கேட்டார். அவர் நடிக்கவில்லை. அவரால் இரவில் தூங்க முடிந்தது அந்த எண்ணால்தான்.

முத்திரையம்மா தன் பெட்டியைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசைமேல் தராசை நிறுத்தி, ஒரு பக்கம் குழந்தையையும் மறுபக்கம் எடைக்கற்களையும் வைத்தார். மூன்று கிலோ இருநூறு. கற்களை மாற்றி வைத்தார்; தட்டுகளை இடம் மாற்றினார்; அதே மூன்று இருநூறு. மாப்பிள்ளை அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அன்று முழுவதும் முத்திரையம்மா தன்னையே சந்தேகப்பட்டார். கல்லூரியில் நிரூபணம் இவருக்குப் பாடம் எடுத்தவர். செய்முறைத் தேர்வில் ஒருமுறை எல்லோர் முன்னாலும் இவருடைய அளவைத் தப்பு என்றவர். அந்தப் பழைய கோபம்தான் இத்தனை நாளும் சந்தேகம் என்ற பெயரில் நடமாடியதா என்று யோசித்தார். இருக்கலாம் என்றே தோன்றியது. ஆனால் குழந்தையின் தொடையில் தோல் மடிந்திருப்பது கோபத்தால் அல்ல. காய்கறிக் கடையிலும் சரி, சாப்பாட்டு மேசையிலும் சரி, நிறுத்தவர்கள் எல்லோருக்கும் வரவேண்டிய எண் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தனக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் ஒரே மாதிரி இரண்டு பிரம்புக் கூடைகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சரியாக மூன்று கிலோ இருநூறு மாவு மூட்டை. இன்னொன்றில் அழுது களைத்துத் தூங்கிய குழந்தை. இரண்டையும் மெல்லிய துணியால் மூடினார். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ரயில்வே பார்சல் குமாஸ்தாவிடம் வெறுங்கூடையின் எடையைச் சொல்லி, அதைக் கழித்து இரண்டையும் நிறுத்துச் சொல்லும்படி கேட்டார். தங்கை ஒன்றும் புரியாமல், அக்காவின் பிடிவாதத்துக்காக மட்டும் கூட வந்திருந்தாள். இருவரும் சுவரின் மறுபக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எந்தக் கூடை முதலில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியாது. கூடைகளில் என்ன இருக்கிறது என்று உள்ளே இருந்தவருக்குத் தெரியாது.

“உடையற பொருளாம்மா?” என்று சன்னல் வழியாகக் குமாஸ்தா கேட்டார்.

“உடையும். மெதுவா வைங்க.”

“கூடை போக ஒண்ணு மூணு இருநூறு. இன்னொண்ணு ரெண்டு எண்ணூறுதான்.”

“இன்னொரு தடவை போடுங்க.”

“இன்னொரு தடவை போட்டா கூடிடுமா? சரி, இந்தாங்க. அதே மூணு இருநூறு, அதே ரெண்டு எண்ணூறு. பாக்கறீங்களா, இல்ல கோர்ட்டுக்குப் போகணுமா?”

தங்கை எழுந்து உள்ளே போனாள். எடை குறைந்த கூடை எது என்று கேட்டு, அதன் துணியை அவளே விலக்கினாள். குமாஸ்தா இரண்டடி பின்வாங்கி, உயிருள்ளதைப் பார்சலில் அனுப்ப விதி இல்லை என்று முணுமுணுத்தார். தங்கைக்கு அது காதில் விழவில்லை. குழந்தையைத் தூக்கிய கணத்தில் அந்த நானூறு கிராம் அவள் கையை விட்டு இறங்கிப் போனது. இறங்கியது அவளுக்குத் தெரிந்தது. “அக்கா, ஒண்ணுமே இல்லக்கா இவ கிட்ட” என்றாள். அடுத்த ரயிலில் அங்கிருந்தே டவுனுக்குப் போனார்கள். இரைப்பையின் கீழ்வாய் சுருங்கியிருந்ததாகவும், பால் கீழே இறங்கவே இல்லை என்றும், இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சை தாங்கியிருக்காது என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். குழந்தை பிழைத்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டபோதும் உட்காரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முத்திரையம்மா தன் பெட்டியுடன் மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தைச் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். இந்தச் சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். முத்திரையம்மா மனம் திருந்திவிட்டார் என்ற செய்தி தெருவெங்கும் பரவி, சபை முழுவதும் திரண்டு வந்தது. அவருக்கு நடுவில் இடம் விட்டார்கள். சரிபார்ப்பது என்றால் சரி என்று பார்த்துச் சொல்வது என்றே அவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு இருக்கிறதா என்று தேடுவதற்கு அந்தச் சொல்லை யாராவது பயன்படுத்துவார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. முத்திரையம்மா பூஜ்யத் திருகைத் திருப்பியதும்தான் விஷயம் விளங்கியது. முள் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. யாரோ ஒருவர் விசும்பினார். பிறகு முள் மெல்ல எழுந்து, வந்த வழியே திரும்பி, நானூறில் நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி வந்தது. ஐந்தாறு முறை ஆன பிறகு கையை எடுத்துவிட்டார்.

“பார்த்தியாம்மா?” என்றார் நிரூபணம். அவர் குரலில் வெற்றி இல்லை, பயம் இருந்தது.

“பார்த்தேன் சார். இந்த அறையில இது வருது. தெரியாதவங்க நிறுத்தா வரல. ரெண்டையும் எழுதுங்க.”

“உன் கல்லு சரின்னு உனக்கு யார் சொன்னா?”

“தலைமை ஆபீஸ்ல ஒரு கல்லு இருக்கு.”

“அது சரின்னு?”

“அதுக்கு மேல ஒண்ணு இருக்கு.”

“அதை நீ பார்த்திருக்கியா?”

“இல்ல.”

“அப்ப நீயும் நம்பறே.”

கூட்டம் “ஆனது” என்று சொல்ல வாயெடுத்தது. முத்திரையம்மா பெட்டியை மூடினார். “நம்பறேன் சார். ஆனா வருஷா வருஷம் அந்தக் கல்லுல தப்பு கண்டுபிடிக்கவே ஆள் வச்சிருக்கோம். தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்குத் தூக்கிப் போட்டுருவோம். நீங்க இதுல எப்படித் தப்பு வந்தா தப்புன்னு ஒத்துக்குவீங்க, அதைச் சொல்லுங்க.”

நிரூபணம் நல்ல ஆசிரியர். நல்ல கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது. பதில் தேடுவதாகச் சொல்லி வீட்டுக்குப் போனவர், சாகும்வரை தேடிக்கொண்டிருந்தார். சபைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். அவர் இல்லாமலே சபை இருமடங்கானது. முத்திரையம்மா அந்த இயந்திரத்துக்கு முத்திரை போட மறுத்தார். முத்திரை இல்லாத இயந்திரத்தில் பிள்ளைகளுக்கு மருந்தின் அளவு கணக்கிடக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்ததால் பின்னறையில் இன்னொன்று வாங்கி வைத்தார்கள். நிறுப்பவருக்கும் பெற்றவருக்கும் நடுவே திரை தொங்கியது. நிறுப்பவர் வெளியூர்க்காரராக இருக்கவேண்டும், வரும் பிள்ளை யாருடையது என்று அவருக்குச் சொல்லக் கூடாது. தாய்மார்கள் முன்னறையில் ஒருமுறை நிறுத்துச் சந்தோஷப்பட்டார்கள், பின்னறையில் ஒருமுறை நிறுத்து மருந்து வாங்கினார்கள். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக யாரும் புகார் செய்யவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் திரையின் அருகிலும் ஆட்கள் குரலைத் தாழ்த்தத் தொடங்கியதை முத்திரையம்மா கவனித்தார். அதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து திரையைக் கழற்றி வேறு மூலையில் மாட்டச் சொன்னார். ஓய்வு பெறும்வரை அதை நிறுத்தவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வந்தார்.

மருத்துவமனை பிற்பாடு மூன்று மாடியானது. அங்குள்ள மின்தூக்கியில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் எட்டாவது ஆள் உள்ளே கால் வைத்ததும் மணி அடிக்கும். தயாரித்த நிறுவனத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எட்டாவது ஆள் படியேறிப் போய்விடுவார். தங்கையின் மகள் இப்போது அதே மருத்துவமனையில் பின்னறை மருந்துப் பிரிவில் வேலை செய்கிறாள், நல்ல உடம்பு. எட்டாவதாக அவள் ஏறினால் மட்டும் மணி அடிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஏழு பேரும் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது.