ஒகாபேயின் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லண்டன் டூட்டிங்கில் தமிழ்ச் சனம் கலியாண வீட்டில் நிற்கும், இல்லையென்றால் இறைச்சிக் கறியோடு ஒரு பிடி பிடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கும். பத்மநாதன் மட்டும் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்தை மினுக்கி, நோர்தேர்ன் லைன் ரயிலேறி யப்பான் பாட்டுப் பாடப் போவார். அறுபத்துமூன்று வயது மனிதர். அவர் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரர் சண்முகராசா குடியிருந்தார். அவர் வாசலில் நின்று நக்கலடிக்காத ஞாயிறு கிடையாது.

"அண்ணை, யப்பான் கோயிலுக்கு வெளிக்கிட்டாச்சோ?"

"ஓம், பூசைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இவரும் நடையைக் கட்டுவார்.

லண்டனுக்கு வருமுன் ஏழு வருடம் பத்மநாதன் யப்பானில் இருந்தவர். நகோயாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை, விசா இல்லாத வேலை. சனிக்கிழமைகளில் மேற்பார்வையாளர் எல்லோரையும் கரோக்கே பாருக்கு இழுத்துப் போவார். மைக் சுற்றி வரும்போது பாடாமல் இருப்பவனை அங்கே ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே பத்மநாதன் ஒரேயொரு பாடகியின் பாட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு, கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார். பாடகியின் பெயரைச் சொன்னாலும் நம் சனத்துக்குத் தெரியப் போவதில்லை, விடுவோம். எழுபது தாண்டியும் அவர் இன்றைக்கும் மினுங்கும் கவுன் போட்டு மேடையேறுகிறார். அவருடைய ஒன்பது பாட்டுகள் பத்மநாதனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று தங்கச்சிமாரையும் கரைசேர்த்து முடியும்வரை தன் கலியாணத்தைப் பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட்டவரை அதன் பிறகு கேட்பார் இல்லை. தங்கச்சிமார் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து பிறந்தநாளுக்கு மட்டும் போன் எடுப்பார்கள். தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சில கிழமைகளில் ஏழு நாளும் சேர்த்து அவர் வாய் திறந்தது கடைக்காரனிடம் "பை வேண்டாம்" என்று சொல்ல மட்டும்தான். அதனால் ஞாயிறு என்பது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. கிழமையில் அவரை ஆளாக மதித்து நாலு பேர் பார்க்கும் நாள் அது ஒன்றுதான்.

நகர நடுவில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடை. அதன் மேல்மாடி அறையில் பத்துப் பேர் கூடுவார்கள். வெள்ளைக்காரரைக் கட்டி நாற்பது வருடமான யப்பான் பெண்கள், கம்பனி வேலைக்கு வந்து திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட ஆண்கள். நோரிக்கோ என்ற பெண் நடத்தினார். அந்தப் பாடகியின் பாட்டுகளை மட்டுமே பாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பாட்டு உண்டு. அதை மற்றவர்கள் வீட்டில் குளிக்கும்போது பாடலாம், அந்த அறையில் தொடக்கூடாது. பத்மநாதனுடையது ஒரு துறைமுகப் பாட்டு, கப்பல் போன பிறகும் கையசைத்துக்கொண்டு நிற்பவளைப் பற்றியது. அது தனக்கென்று ஒதுக்கப்பட்ட நாளில் அவர் டூட்டிங் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பக்கத்து நாற்காலி ஒகாபேயினுடையது. வங்கியில் இருந்தவர், எழுபத்தெட்டு வயது. தோடம்பழத்தை உரித்து, கேட்காமலே பாதியை பத்மநாதனிடம் நீட்டுவார். பனி பெய்யும் ஸ்டேசனில் முதல் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவனின் பாட்டு அவருடையது. மனைவி எமிக்கோ எதிரில் இருக்க, அவரைப் பார்த்தே பாடுவார். பத்மநாதனுக்கு லண்டனில் கூட்டாளி என்று யாராவது இருந்தால் அது அந்த மனிதர்தான்.

ஒகாபே ஒரு ஞாயிறு காலை மாரடைப்பில் போனார். அடுத்த ஞாயிறு எட்டாம் நாள்.

எட்டு என்றால் நாம் என்ன செய்வோம்? செத்தவர் வாய்க்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்போம். ஒகாபேக்கு யார் படைப்பது? பத்மநாதன் கிழமை முழுக்க அதையே யோசித்தார். அன்று ஒகாபே வழக்கமாகப் பாடும் நேரத்துக்கு நோரிக்கோ அந்தப் பனிப்பாட்டின் இசையை ஓட விட்டார். எமிக்கோ அன்று வரவில்லை. மைக் மேசையில் சும்மா கிடந்தது. எல்லோரும் தலைகுனிந்து இருந்தார்கள். யாராவது எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள் என நினைத்து பத்மநாதன் எழுந்து மைக்கை எடுத்தார். எட்டுப் படையலுக்கு நிற்கிற பயபக்தியோடு, கண்ணை மூடி, கடைசி வரி வரை பாடினார்.

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் கோபிக்கவும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படியிறங்கும்போது நோரிக்கோ மெதுவாகச் சொன்னார். அவர்கள் பேசும் யப்பான் மொழி பத்மநாதனின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே சொல்லிவிடலாம்.

"செத்தவையின்ர பாட்டை நாங்கள் ஒரு வருசம் சும்மா ஓட விடுவம். ஒருத்தரும் பாடுறேல்லை. அது அவை பாடுற நேரம். உங்களுக்கு ஆரும் சொல்லேல்லை, என்ர பிழைதான்."

படைக்கப் போய்ப் பறித்துவிட்டு வந்திருக்கிறோமே என்று பத்மநாதன் வெட்கப்பட்டார். எமிக்கோவின் காதுக்கு இது போகாமலா இருக்கும்?

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய் ஒரு தூணோடு சாய்ந்து இருந்தார். குடும்பம் குடும்பமாக வந்த சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கடுத்த ஞாயிறு அறையிலேயே கிடந்து, போன் வருமா என்று பார்த்தார். வரவில்லை. அந்தத் தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. யப்பானில் பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்த காலத்தில், தனி அறை ஒன்று கிடைக்காதா என்று ஏங்கியவர்தான் இவர்.

மூன்றாம் ஞாயிறு, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவோம் என்ற முடிவோடு போனார். எமிக்கோ கறுப்பு உடுப்பில் இருந்தார். பத்மநாதன் யப்பான்காரரைப் போலவே இடுப்பு வரை குனிந்து, "பிழை விட்டிட்டன்" என்றார். எமிக்கோ தலையை மட்டும் அசைத்தார்.

பத்மநாதனின் முறை வந்தது. துறைமுகப் பாட்டின் இசை தொடங்கியது. இவர் எழும்புமுன் எமிக்கோ மைக்கை எடுத்தார்.

அத்தனை வருடத்தில் ஒருநாளும் பாடாத பெண் அவர். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக, பத்மநாதனின் பாட்டை முழுதாகப் பாடி முடித்தார். கண்ணுக்குக் கண், சரிதான் என்று பத்மநாதன் நினைத்தார். இனி இந்த அறையில் தனக்கென்று ஒன்றும் இல்லை. கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறியள்? இருங்கோ" என்றார் எமிக்கோ.

"என்ர பாட்டு இனி உங்கட பாட்டு. நான் என்னத்தைப் பாடுறது?"

"அதுக்குத்தான் எடுத்தனான். பாட்டில்லாத ஆளுக்கு இஞ்ச ஒரு பாட்டுக் குடுக்கவேணும். அதுவும் இந்த அறையின்ர வழக்கம்தான்." எமிக்கோ மைக்கை அவர் பக்கம் நீட்டினார். "அவற்ர பாட்டு சும்மா ஓடுறதை என்னால பாக்க ஏலாது. எழுத்து மட்டும் நிறம் மாறி மாறிப் போகுது, சத்தம் இல்லை. ஒரு வருசம் அப்பிடி இருக்க என்னால ஏலாது. அவர் பிழை விடுற இடத்திலதான் நீங்களும் பிழை விட்டனீங்களாம், நோரிக்கோ சொன்னவ."

உண்மைதான். யப்பானில் பாடமாக்கிய ஒன்பதில் அந்தப் பாட்டு இல்லை; பத்மநாதன் அதைப் பாடமாக்கியது ஒகாபேயின் வாயில் இருந்துதான்.

"இந்த நாற்காலியில இருந்து பாடுங்கோ" என்று ஒகாபேயின் நாற்காலியைக் காட்டினார். "என்னைப் பாக்க வேண்டாம். திரையைப் பாருங்கோ."

பத்மநாதன் கோட்டை வைத்துவிட்டு அங்கே போய் இருந்தார். பாடினார். பனிப்பாட்டின் இரண்டாம் சரணத்தில், சொன்னதை மீறி ஒருமுறை எமிக்கோவைப் பார்த்துவிட்டார். அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. அந்த அறையில் இப்போது எல்லோரும் ஒகாபேயைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்மநாதனைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, தைத்தபடியே மிச்சத்தையும் பாடினார், பிழை விட வேண்டிய இடங்களில் பிழை விட்டார்.

இந்த முறை எல்லோரும் கைதட்டினார்கள். எமிக்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அடுத்த ஞாயிறும் வருவியள்தானே?"

"ஓம், வாறன்" என்றார் பத்மநாதன். போக வேறு இடம் இருந்தால் அல்லவா யோசிப்பதற்கு.