ஏழில் நின்ற எண்ணிக்கை

கோவில் படிக்கட்டின் மூன்றாவது படியில்தான் இணைய லைன் முழுதாகக் கிடைக்கும். ஈஜோக் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை விமலாவின் வீட்டார் முனீஸ்வரர் கோவிலுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கணினி மூன்றாவது படியில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

திரையில் வேறொரு கண்டம். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கடலோரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ராக்கெட் நின்றது. அதன் இடுப்பிலிருந்து புகை மெல்ல வழிந்துகொண்டிருந்தது. உச்சியில் ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். அதற்குள் எங்கோ ஒரு கேபிள். அந்தக் கேபிளின் முனையில் அறுபத்தொரு இணைப்பு ஊசிகள். அறுபத்தொன்றையும் பொருத்தியவள் விமலா.

ரவாங் தொழிற்சாலையில் அவளுடைய வேலை அதுதான். மெல்லிய கம்பியின் முனையில் ஊசியைச் செருகி, கைக்கருவியால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் முப்பத்தெட்டாவது ஊசிக்கு வந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. அழுத்திவிட்டு எழுந்தாளா, அழுத்தாமலே எழுந்தாளா? கேபிள் சோதனையில் தேறிவிட்டது. ஆனாலும் பல் விளக்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும் அந்த முப்பத்தெட்டு அவளோடு கூடவே வந்தது. சூரியத் தகடுகளை விரிக்கும் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. தகடு விரியாவிட்டால் மேலே சுற்றப்போவது வெறும் இரும்பு. இதைத் தம்பி முகுந்தனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

“அஞ்சு நாப்பதுக்கா விடுறானுங்க?” என்றார் அம்மா துளசி. “ஞாயித்துக்கிழம நாலரைலருந்து ஆறு ராகு காலம்டி.”

“அங்க இப்ப காலைல ஆற தாண்டிருச்சும்மா,” என்றான் முகுந்தன். “ராகு காலம் எந்த ஊரு டைம்மு?”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “ராக்கெட்டு அந்த ஊருது. கேபிளு நம்ம ஊருது.”

முகுந்தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பா தனபாலன் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர். தேங்காய் உடைக்காமல் எந்தப் புது வண்டியையும் வெளியே எடுத்ததில்லை. “எவ்ளோ பெரிய வண்டி இது! சும்மா அனுப்ப முடியுமா லா?” என்று தேங்காயோடு சிதறுகாய்க் கல்லின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

பத்து என்று திரை காட்டியதும் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். “ஒம்பது! எட்டு! ஏழு! ஆறு!” அம்மாவும் கத்தினார். விமலாவும் தன்னை மறந்து கத்தினாள். “மூணு! ரெண்டு! ஒண்ணு!”

தேங்காய் கல்லில் மோதிச் சிதறியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது.

“டேய், ஏன்டா இன்னும் கெளம்பல?”

முகுந்தன் திரையைத் தொட்டுக் காட்டினான். “ஏழுலயே நிறுத்திட்டாங்கப்பா. நாமதான் எண்ணிக்கிட்டே போய்ட்டோம்.”

“எல்லாரும் கத்துனீங்க. நான் ஒடச்சேன்!” அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஏதோ ஒரு அழுத்தமானியின் அளவு சரியில்லையாம். சரிபார்த்துவிட்டு ஆறு இருபத்தைந்துக்கு மறுபடியும் முயல்வார்களாம்.

“பாத்தியா?” என்றார் அம்மா வெற்றியோடு. “ராகு காலம் முடிஞ்சாதான் போவுமாம்.”

அப்பா அதைக் கேட்கவே இல்லை. “இன்னொரு தேங்கா வேணும்.”

வீட்டில் வேறு தேங்காய் இல்லை. கடையை மதியமே சாத்திவிட்டார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்கள். ஒன்றுகூடத் தென்னை இல்லை.

“ஒரு செம்பனைப் பழத்த ஒடச்சிருவோமாப்பா?” என்றான் முகுந்தன்.

“வாய மூடுறா, சாமி முன்னால நின்னுக்கிட்டு!”

விமலா மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தாள். “நான் பக்கத்து மலாய்க் கம்பத்துக்குப் போய் வாங்கிட்டு வரேன்.” அந்தத் திரைக்கு முன்னால் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

செம்மண் பாதையில் திரும்பியதுமே லைன் போய்விட்டது. இருபுறமும் செம்பனை வரிசைகள் ஓடின. ஒவ்வொரு வரிசையையும் அவள் மனம் தானாகவே எண்ணியது. முப்பத்தெட்டாவது வரிசை வந்தபோது கண்ணைப் பாதையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கம்பத்தில் எல்லாரும் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் சைத்தோன் தன் வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். விமலா மூச்சிரைக்க மலாயில் தேங்காய் கேட்டாள். வீட்டில் பூசையா என்று கேட்டார் அவர். இல்லை, ராக்கெட், ஒருமுறை நின்றுவிட்டது என்றாள் விமலா. மக்சிக் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று சொல்லி இரண்டையும் மோட்டார் கூடையில் போட்டார்.

திரும்பும் வழியில் மாடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆறு பதினெட்டு. ஹாரன் அடித்தாள். ஒரு மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது. ஆறு இருபது. இறங்கி, துப்பட்டாவை வீசி விரட்டினாள். கோவில் தெரிந்தபோது ஆறு இருபத்து மூன்று. தொடர் ஓட்டப் பந்தயத்தில் கோலுக்காகக் காத்திருப்பவரைப் போல அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இந்தத் தடவ யாரும் எண்ணக் கூடாது,” என்று உத்தரவு போட்டார். “முகுந்தன் மட்டும் ஸ்கிரீனப் பாத்துச் சொல்லணும்.”

பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முகுந்தன் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். ஏழு என்றதும் நிறுத்தினான். அப்பாவின் தேங்காய் தலைக்கு மேலேயே நின்றது. “ஆறு,” என்றான். அதற்குப் பிறகு அவன் குரல் கீச்சிட்டது. “கெளம்பிருச்சுப்பா! நெசமாவே கெளம்பிருச்சு!”

தேங்காய் சிதறியது. திரையில் வெளிச்சம் பொங்கி, வெள்ளைத் தூண் மெல்ல நிலத்தைவிட்டு எழுந்தது. அவ்வளவு கனமான ஒன்று அவ்வளவு நிதானமாக எழும் என்று விமலா நினைத்ததே இல்லை. பிள்ளைகள் குதித்தார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டே கலைந்துபோனார்கள். விமலா இரண்டாவது படியில் உட்கார்ந்தாள். தகடுகள் விரியாதவரை அவளுக்கு எதுவும் முடியவில்லை. முகுந்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“முப்பத்தெட்டா?”

“ம்.”

அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். ஏழு மணிக்குச் செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது. ஏழு பத்துக்கு எந்தச் செய்தியும் இல்லை. ஏழு பதினைந்துக்கும் இல்லை. விமலா வலது கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலின் அடியில் அந்தக் கருவி உண்டாக்கிய காய்ப்பு இருந்தது. அதை அழுத்திக்கொண்டாள்.

ஏழு பதினெட்டுக்கு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இரண்டே வரி சொன்னது. திரையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் அப்பா.

“விரிஞ்சிருச்சுப்பா.” துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு பக்கமும் விரிஞ்சிருச்சு.”

அவள் ஏன் அழுகிறாள் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மிச்சமிருந்த தேங்காயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “அப்ப இத நீ ஒட.”

“எண்ணட்டுமாக்கா?” என்றான் முகுந்தன்.

“வேணாம்,” என்று சொல்லி, விமலா தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரே வீச்சில் அது நாலாபக்கமும் தெறித்தது.

“நாளைக்குத் தோசைக்குச் சட்னி ஆச்சு,” என்று அம்மா சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.