தண்டவாளத்துக்கு வைத்த பொட்டு

ரயில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே வளைவில் நின்றுவிடும். விரலால் தள்ளிவிட்டால் ஓடும், அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி நிற்கும். நல்லேப்பிள்ளியில் பதினைந்து ஏக்கர் நெல் போடுகிறவன் நான். ஒரு பொம்மை ரயிலிடம் தோற்றுப்போய் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயில் என் மகள் யோகப்பிரியா கொண்டுவந்தது. ஜெர்மனியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அவள் அம்மாவின் வருஷத் திதிக்கு வந்தபோது, நெல் மூட்டை அடுக்கும் மாடி அறையில் பலகை போட்டுத் தண்டவாளம் பொருத்தினாள். "உங்களுக்குப் பொழுது போகுமுங்ப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். நல்ல பொழுது!

ஞாயிறுதோறும் போனில் வீடியோவில் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மாத்திரை போட்டீர்களா. நின்றபடியே கேட்பாள், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ரயில் நிற்க ஆரம்பித்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினாள். ஒரு வாரம் தண்டவாளத்தைத் துடைக்கச் சொன்னாள். அடுத்த வாரம் சக்கரங்களை. அதற்கும் மசியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, "ஏனுங்ப்பா, மோட்டாருக்கு வெச்சுப் பாக்கற மீட்டர் இருக்குதுங்களா? துண்டு துண்டா வெச்சுப் பாருங்க" என்றாள்.

"எல்லாத்துலயும் பன்னெண்டு காட்டுது அம்மிணி. இந்த ஒரு துண்டுல மட்டும் ஒண்ணுமில்ல."

"அப்ப ரெண்டு முனையிலயும் சேருற தகடுதானுங்க. கழட்டிப் பாருங்க."

குறடால் உருவினேன். நகக்கண் அளவுத் தகடு. உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது, நடுவில் சிவப்பு. பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ரயில் மட்டும் என்ன பாவம் செய்தது? நிலைப்படிக்கு வைப்பதுபோல அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் தாராளமாக வைத்திருந்தேன்.

"அட, கரண்ட் போற எடத்துலயா பொட்டு வெப்பீங்க!" சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

தகடுகளைச் சுரண்டி மாட்டினேன். ரயில் நிற்காமல் மூன்று சுற்று ஓடியது. "சூப்பருங்ப்பா! இனித் தொந்தரவே இல்லீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள்.

"ரயில் ஓடுதுங்களா?"

"ஓடுது அம்மிணி."

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"சரிங்ப்பா, வெச்சுடட்டுங்களா?"

போனைக் கீழே வைத்தபோது ரயில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை, அந்த ரயில்மேல்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, நெல் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு பெரிய வீட்டில் அழுவதற்குக்கூட ஒளிய வேண்டியதில்லை.

சனிக்கிழமை குளித்துவிட்டுச் சந்தனக் கட்டையை எடுத்து உரைத்தேன். வளைவுத் துண்டின் இரண்டு முனையிலும், தகட்டுக்குள் நன்றாக இறங்கும்படி வைத்துக் காயவிட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

ஞாயிறு போன் வந்தது.

"ரயில் ஓடுதுங்களா?"

"இல்ல அம்மிணி. மறுக்கா நின்னு போச்சு. ஏன்னே தெரீல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.