எங்க லோன் எடுத்தா வீடு உங்களுது

முதல் தடவை பார்த்தபோதே லீனாவுக்கு வீட்டு ஏஜென்ட் ஷ்ரேயாஸைப் பிடிக்கவில்லை. கடன் வாங்கப்போவது அவள், சம்பளச் சீட்டு அவளுடையது, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவளும் அவள். அவனோ பதிலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நோயலிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நோயல் லிஃப்ட் மெக்கானிக். சுபாவத்தில் அதிகம் பேசாதவன். மரியாதைக்குத் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் ஷ்ரேயாஸுக்கு இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஜீவனஹள்ளியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். லீனா ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சொந்த வீடு என்று பேச்செடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதிலேயே போயின. கடைசியில் சந்தாபுராவில் ஒரு ஃபிளாட் அவள் மனசுக்குப் பிடித்தது. புதுசில்லை, ஆனால் சமையலறையில் நின்றால் காற்று வந்தது. சொந்தக்காரர் சேஷகிரி, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு மைசூரில் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அதை விற்றுக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்க்கப் போன அன்று அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். லீனா வாயைத் திறப்பதற்குள் ஷ்ரேயாஸ் குறுக்கே வந்து நின்றான்.

"ஓனர் கிட்ட நேரா பேசக்கூடாது மேடம். அது நம்ம கம்பெனி பாலிசி."

பாலிசி என்ற சொல்லை அவன் சாமி பேரைச் சொல்வதுபோலச் சொன்னான்.

பொம்மனஹள்ளியில் இருந்த ஷ்ரேயாஸின் ஆபீஸில் எல்லாம் கண்ணாடி. உள்ளே நடப்பது மட்டும் எதுவும் வெளியே தெரியாது. சேஷகிரி கேட்ட விலையையே தருவதாக லீனா சொன்னாள். அவளுடைய சம்பளக் கணக்கு இருக்கும் பேங்க் ஏற்கெனவே கடனுக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்திருந்தது. அதையும் எடுத்துக் காட்டினாள். ஷ்ரேயாஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். லோனுக்கு நம்ம டெஸ்க் இருக்கு."

டெஸ்க் என்பது பக்கத்து மேஜை. அங்கே தர்ஷினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்து அட்டையில் 'ஹோம் லோன் அட்வைஸர்' என்று இருந்தது. பேங்க்காரர்கள் இழுத்தடிப்பார்கள், சொத்துப் பதிவேடான இ-காத்தாவில் குறை சொல்வார்கள், கடைசி நிமிடத்தில் கைவிடுவார்கள் என்று ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினாள். லீனா நிதானமாகப் படித்தாள். வட்டி அவளுடைய பேங்க்கைவிட அதிகம். கேட்காத ஒரு இன்சூரன்ஸ் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஆலோசனைக் கட்டணம் என்று வேறு ஒன்று.

"என்ன ஆலோசனை குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"இதான் மேடம்," என்றாள் தர்ஷினி.

லீனா எழுந்துவிட்டாள். வாசல்வரை கூடவே வந்த ஷ்ரேயாஸ் குரலைத் தாழ்த்தினான். "நோடி மேடம், பாருங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. எங்க லோன் எடுத்தா வீடு உங்களுது. இல்லன்னா ஓனர் ஒத்துக்க மாட்டார், அவரே சொல்லிட்டார்."

அந்த வாரக் கடைசியில், ஓனர் உங்கள் விலையை மறுத்துவிட்டார் என்று மெசேஜ் வந்தது. லோன் விஷயத்தில் மனசு மாறினால் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று கீழே ஒரு வரி, கைகூப்பும் பொம்மையோடு.

நோயல் தளர்ந்துபோனான். "எடுத்துக்கலாம் லீனா. மாசம் கொஞ்சம் கூட ஆவும், அவ்ளோதான? வீடு கை விட்டுப் போயிடும்."

"நாம வீடு வாங்கறமா, அவனுக்கு மொய் எழுதறமா?" என்றாள் லீனா. "கேட்ட விலைய குடுக்கறேன்னு சொல்றவள எந்த மனுஷன் வேணான்னு சொல்லுவான்? வா, அவர் வாயாலயே கேட்டுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவரும் நேராகச் சந்தாபுராவுக்குப் போனார்கள். கதவைத் திறந்த சேஷகிரி அவர்களைப் பார்த்து விழித்தார்.

"நீங்க அன்னிக்கு வந்தவாதானே? உங்களுக்கு லோன் கிடைக்கலைன்னு அந்தப் பையன் சொன்னானே."

லீனா பேங்க் கடிதத்தை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்னாலேயே கொடுத்த கடிதம்.

"வேற என்ன சார் சொன்னான்?"

அவர் தயங்கினார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி ஜெயலக்ஷ்மிதான் சொன்னாள். "ஜீவனஹள்ளி பார்ட்டி, அந்த மாதிரி ஆளுகளுக்கு எந்த பேங்க்லயும் குடுக்க மாட்டான்னு சொன்னான்."

லீனாவுக்கு முகம் சுட்டது. "நீங்களும் நம்பிட்டீங்களா?"

ஜெயலக்ஷ்மி நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு, "உக்காருங்கோ" என்றாள். அதுதான் அவர்களால் கேட்க முடிந்த மன்னிப்பு. லீனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சேஷகிரி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஏம்ப்பா ஷ்ரேயாஸ், யாராவது விலை சொன்னாளா?"

"எல்லி சார், எங்க சொன்னாங்க! மார்க்கெட் ஃபுல் டல். நீங்க கொஞ்சம் ரேட் இறக்குங்க, நம்ம லோன் பார்ட்டி ஒண்ணு இருக்கு, முடிச்சிடலாம்."

"ஷ்ரேயாஸ், நான் லீனா பேசறேன். சார் வீட்டுலதான் இருக்கேன்."

"மேடம்! சூப்பர்! நானே உங்க ரெண்டு பேருக்கும் மீட்டிங் வைக்கலாம்னுதான் இருந்தேன்!" என்றது அந்தக் குரல், துளிக்கூடக் கூச்சமில்லாமல்.

கோபம் வரும் என்று நினைத்திருந்தாள் லீனா. வரவில்லை. கோபப்பட எதிரே ஒரு மனுஷனாவது வேண்டும். பாத்திரத்தில் செத்துக் கிடக்கும் பூச்சியைப் பார்ப்பதுபோல அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எதுவும் தாமதமாகவில்லை. அவளுடைய பேங்க் இழுத்தடிக்கவுமில்லை, கைவிடவுமில்லை. ஆனால் ஷ்ரேயாஸோடு முன்பே ஒப்பந்தம் எழுதியிருந்ததால் சேஷகிரி அவனுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருந்தது. வக்கீலைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "பீடை தொலையட்டும்" என்று கொடுத்துவிட்டார். இது மட்டும் லீனாவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

பத்திரப் பதிவு நாளில் ஷ்ரேயாஸ் சென்ட் மணக்க வந்து நின்றான். சாவி கைமாறும்போது நடுவில் புகுந்து போட்டோவுக்குப் பல்லைக் காட்டினான். லீனா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். "மேடம், ஒரு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ?" என்று படிக்கட்டுவரை பின்னாலேயே வந்தான். நோயல் நின்றான். இத்தனை மாதத்தில் அவனிடம் முதல்முறையாக வாயைத் திறந்து, "போடா" என்றான்.

குடிவந்த புதிதில் மேல்மாடி மமதா படியில் லீனாவைப் பிடித்துக்கொண்டாள். தங்கைக்கு வீடு பார்க்கிறார்களாம், நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமா என்று கேட்டாள். லீனா கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க மமதா," என்றாள். "நேரம் ஆவும்."