இருபத்திரண்டு மேசைக்குப் பூ

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் நடந்தது, முடிந்தது என்று விடுவதில்லை. கல்யாணம் நடந்தால் படம் பிடிக்க வேண்டும், பிடித்ததை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பினதைப் பார்த்தாயா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். அதுவும் போதாமல், கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கல்யாணம் முடித்த என் மகளே எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் புத்தகம் செய்யப் போகிறாள். எனக்கு ஒதுக்கியது மேசைப் பூ. "நீங்கதானேப்பா அதை முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றாள்.

இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். உள்ளே ஊற்றெடுத்தது, தூங்க விடவில்லை என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். யாராவது கேட்டிருப்பார்கள்.

[நான் ஏழாவது வரை படித்தவன். முப்பத்தோரு வருஷம் பழக் கிடங்கில் வேலை. எழுத்தில் தப்பு இருந்தால் தாண்டிப் போங்கள்.]

2

முதல் தொடக்கம்: "அந்தப் பொன்னான நாளில் மண்டபமெங்கும் மலர்கள் புன்னகைத்துக்—"

அடித்துவிட்டேன். பூ புன்னகைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் சுத்தமாக இல்லை.

இரண்டாவது: "என் மகளுக்குப் பூ என்றால் உயிர்." பொய். அவளுக்கு அளவு என்றால்தான் உயிர். மருந்து ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிற வேலை. வீட்டில் டீக்குப் பால் ஊற்றினாலும் கண்ணாடி டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். அதனால் அவளை மில்லி என்று கூப்பிடுவேன். கோபம் வரும், ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

மூன்றாவது: "கல்யாண மேசையில் குப்பையைக் கொண்டுபோய் வைத்தார்கள்." இதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் இதையே வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மண்டபத்தில் இருபத்திரண்டு வட்ட மேசை. ஒவ்வொன்றின் நடுவிலும் பூ வேண்டும். கடையில் சொன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். மில்லிக்கு அது ஆகாது. நானே செய்வேன் என்றாள். ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில், லேபிள் உரித்த தகர டப்பா என்று நாலு மாதமாகச் சேர்த்தாள். கழுத்தில் சணல் கயிறு சுற்றினாள். கடைக் கார்னேஷன் கொஞ்சம், ரோட்டோரத்து ஊதாப் பூ கொஞ்சம், நடுவில் காய்ந்த புல்கதிர். பார்த்தால் தானாக முளைத்த மாதிரி இருக்க வேண்டுமாம். தானாக முளைத்ததைத்தான் நாங்கள் கிடங்கு வாசலில் வாரத்துக்கு ஒருமுறை வெட்டிப் போடுவோம் என்றேன். அம்மாவும் மகளும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

3

இனிமேல் எழுதுவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பூவெல்லாம் வந்தது. பின்னறையில் ஏழு வாளி. தண்ணீரில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் அளந்து ஊற்றி, மேலே ஈரத்துணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா, இதுல மட்டும் நீங்க கை வைக்காதீங்க."

மறுநாள் காலையில் அவளும் அவள் அம்மாவும் துணி தைக்கக் கொடுத்த ஊருக்குப் போனார்கள். அடுத்த நாள் மதியம்தான் திரும்புவார்கள். வெயில் ஏறியது. நான் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன். மூடினேன். திறந்தேன். ஈரத்துணியை நம்பி இருபத்திரண்டு மேசையா? முப்பத்தோரு வருஷம் சரக்கைக் கெடாமல் காத்தவன் வீட்டில்? பூ வாடி, மேசை வெறுமையாக நின்றால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். தாங்கவில்லை. கிடங்கில் இன்னும் வேலை பார்க்கிற நெட்டையனைக் கூப்பிட்டேன். வேனோடு வந்தான். ஏழு வாளியும் கிடங்குக் குளிர் அறைக்குப் போனது. மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்து, இருந்த இடத்தில், இருந்த வரிசையில் வைத்து, துணியை நனைத்துப் போர்த்திவிட்டேன். பூ சில்லென்று, ஜோராக இருந்தது. மதியம் மில்லி வந்து பார்த்து, "பாருங்க, என் அளவு எப்படி வேலை செஞ்சிருக்கு" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

அந்தக் குளிர் அறையில் இருந்தது ஆப்பிள். சுவர் முழுக்க ஆப்பிள் பெட்டி.

[விவரம் தெரியாதவர்களுக்கு: ஆப்பிள் மூச்சு விடும். சிரிக்காதீர்கள். கல் மாதிரி காயோடு பழுத்த ஆப்பிள் ஒன்றைப் போட்டு மூடிவைத்தால், அந்தக் காற்றுப் பட்டே காய் பழுத்துவிடும். நானே எத்தனை பெட்டிக்கு அப்படிச் செய்திருக்கிறேன். காய்க்குத் தெரியும் எனக்கு. பூவுக்கும் அதே மூச்சுப் பட்டால் வயசாகிவிடும் என்று தோன்றவே இல்லை.]

4

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் பாட்டில்களை வரிசையாக வைத்து மில்லி பூவை எடுத்தாள். ஊதாப் பூ கையில் எடுத்ததும் உதிர்ந்தது. காம்பு மட்டும் மிஞ்சியது. கார்னேஷன் எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்ட மாதிரி நின்றது. நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். கிடங்கு வாசனை. எடுத்த வாளியிலேயே திருப்பிச் செருகினேன்.

அவள் அழவில்லை. வாளித் தண்ணீரில் விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சர்க்கரை கூடிப்போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்" என்றாள்.

அங்கே, அந்த நிமிஷத்தில், நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாற்காலி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

மேசைகளில் கடைசியில் நின்றது புல்கதிரும் வெறுங்காம்பும்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, என்ன எளிமை, என்ன ரசனை என்று என்னிடமே சொன்னார். அந்த மனிதரை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

5

இந்த இடத்தில் கதாபாத்திரம் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். வாளிகளைக் கொண்டுபோனது நெட்டையன், நான் வேண்டாம் என்று தடுத்தேன், அவன் கேட்கவில்லை. அரைப் பக்கம் ஜோராக ஓடியது. பிறகு நெட்டையன் ஞாபகம் வந்தது. வேன் ஏற்றும்போது அவன் ஒன்று கேட்டான்: "அண்ணே, பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்கல்ல?" நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடு என்றேன். அரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

பூவை வண்டு தின்றது என்று ஒரு வரி—

வேண்டாம்.

6

நேற்று மில்லி வந்தாள். மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் மேசைப் பூவுக்கு இவளைத்தான் கேட்டிருக்கிறாள். இவள் கூடத்தில் நின்று போனில் சொன்னது எனக்கு முழுக்கக் கேட்டது. "வேணாம்மா. உன் கல்யாணத்தையும் கெடுத்துடுவேன். எனக்கு அளவு வராது."

எனக்கு அளவு வராது. யார் சொல்வது பாருங்கள்.

இன்று காலையில் பின்னறையிலிருந்து பாட்டில்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். பழைய சாமான்காரனுக்குப் போடப் போகிறாளாம்.

என் மனைவி நான் எழுதினதை இங்கே வரைக்கும் படித்தாள். நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"ஆறு மாசமா அவ சர்க்கரை கூடிச்சா எலுமிச்சை கூடிச்சான்னு கேட்டுக்கிட்டிருக்கா. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

நான் நோட்டைத் திறந்து அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

7

முடிவுகள்.

(அ) சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள். அப்பா, உங்களை என்ன செய்றது என்று தோளில் குத்துகிறாள். பாட்டில்கள் பின்னறைக்குத் திரும்புகின்றன. [சினிமா. அவளுக்குக் கோபம் எப்படி வரும் என்று தெரிந்தவன் இதை எழுத மாட்டான்.]

(ஆ) சொல்கிறேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஒரு வருஷம் வருவதில்லை. [இது நடக்கலாம். ஆனால் அந்த ஒரு வருஷமும் அவள் தன் கையைச் சந்தேகப்பட மாட்டாள்.]

(இ) சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, மலர்கள் புன்னகைத்தன என்று—

8

இந்த நோட்டையே அவள் கையில் கொடுத்துவிடலாம். எழுத்து இதற்குத்தான் இருக்கிறது என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நோட்டைக் கொடுத்தால், அவள் படிக்கிற நேரத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் பேனாவை வைக்கிறேன். மூட்டு வலிக்கிறது, எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பின்னறையில் அவள் பெட்டியை ஒட்ட டேப்பை இழுக்கிற சத்தம் கேட்கிறது. மில்லி, அதை ஒட்டாதே, கொஞ்சம் இரு என்று இங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டேன். என்னப்பா என்கிறாள். இனி பின்வாங்க முடியாது.

நீங்கள் இங்கேயே இருங்கள். மேலே உள்ளதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் சொந்தமாக ஒன்று செய்துகொள்ளுங்கள். நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

[ஜாம் பாட்டிலில் பூ வைத்தால் அழகு என்று இதற்காக நான் ஒத்துக்கொண்டதாக யாரும் எழுதிவிட வேண்டாம்.]